சூப்பர் சிங்கர் நடுவர்களுக்கு: பாட்டைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். நான் சங்கீதம் கற்றவள் இல்லை. முதல் பாடமான சரளி வரிசைகூடத் தெரியாது. ஆனால் 2006இல் நிகில் மேத்யூ முதல் பட்டத்தை வாங்கியதிலிருந்து விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் பாட்டுப் போட்டியைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அலுத்துப்போய் நடுவில் விட்டதும் உண்டு. யாரோ ஒரு பிள்ளை பிரமாதமாகப் பாடுகிறது என்று காதில் விழுந்தால் மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவேன். இந்த மடல் சேனலுக்கு அல்ல. டிஆர்பி, விளம்பரம் என்று அவர்களுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். உங்களிடம்தான் ஒன்று கேட்க வேண்டும். பாடி முடித்த பிறகு அந்தப் பாட்டைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

ஒரு பையன் பாடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பல்லவி, ஒரு சரணம், இடையிசையில் பாதி வெட்டு. கடைசி வரியை இழுத்து நிறுத்துகிறான். உங்களில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். இன்னொருவர் முழங்கையை நீட்டி, "பாருங்க, புல்லரிச்சுப் போச்சு" என்கிறார். மேலிருந்து தங்க நிறக் காகிதம் கொட்டுகிறது. கேமரா அம்மாவைத் தேடிப் போகிறது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். அதையே மெதுவாக இன்னொரு தடவை காட்டுகிறார்கள், அடியில் ஒரு புல்லாங்குழல். அப்புறம் மைக் உங்களிடம் வருகிறது. "சொல்றதுக்கு வார்த்தையே இல்ல. நீ வேற லெவல்." அவ்வளவுதான், விளம்பர இடைவேளை.

சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் அவனுக்கு ஸ்ருதி விலகியது. எனக்கே கேட்டது என்றால் வாழ்நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கிற உங்களுக்குக் கேட்காமலா இருக்கும்? இரண்டாவது தடவை பல்லவிக்கு வந்தபோது அதே வரியை வேறு மாதிரி வளைத்து அழகாக இறக்கினான். அதையும் நீங்கள் சொல்லவில்லை. குறையும் வரவில்லை, நிறையும் வரவில்லை. அடுத்து வந்த பெண்ணுக்கும் அதே "வேற லெவல்". அப்படியானால் எது எந்த லெவல் என்று வீட்டில் இருக்கிற நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்னால் இப்படி இல்லை. பாடகர்கள் ஸ்ரீநிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் மூவரும் நடுவர்களாக உட்கார்ந்திருந்த சீசன்களை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீநிவாஸ் சிரித்த முகமாகத்தான் பேசுவார், ஆனால் விட்டுவிட மாட்டார். எந்தச் சொல்லில் ஸ்ருதி இறங்கியது, எந்தச் சங்கதியை (ஒரே வரியை வேறு வேறு விதமாக வளைத்துப் பாடுவதை) அவசரப்படுத்தினார்கள், எல்லாம் வெளியே வரும். பாடியவர் முகம் ஒரு நொடி சுருங்கும், அப்புறம் தலை ஆடும். குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்தியநாதனின் வகுப்பையும் அவ்வப்போது காட்டுவார்கள். மூச்சை எங்கிருந்து எடுப்பது, தொண்டையை இறுக்காமல் மேலே போவது எப்படி என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். (பின்னால் அவரைப் பாலாவின் ‘அவன் இவன்’ படத்தில் பார்த்தபோதும், பிக் பாஸ் வீட்டுக்குள் பார்த்தபோதும் எங்கள் வீட்டில் "நம்ம வாத்தியார்" என்றுதான் சொன்னோம்.) சங்கதி என்றால் என்ன, குரலை வேகமாக உருட்டிப் பாடுகிற பிருகா என்றால் என்ன என்று எனக்கு ஏதோ தெரிகிறது என்றால் அது இந்த நிகழ்ச்சி போட்ட பிச்சை. இன்று புதிதாகப் பார்க்க உட்காருகிற பத்து வயதுப் பிள்ளைக்கு அது கிடைக்குமா?

இனி நான் ரசித்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு ரசிகையின் கருத்து, அவ்வளவுதான். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

என்னைக் கேட்டால் இந்த மேடை பார்த்த மிகச் சிறந்த இறுதிச் சுற்று 2011இல் நடந்த மூன்றாவது சீசனுடையதுதான். சாய்சரண், சந்தோஷ், சத்யபிரகாஷ், பூஜா என்று நான்கு பேர். சாய்சரண் ஜெயித்தார். என் ஓட்டு சத்யபிரகாஷுக்கு. அவரிடம் எனக்குப் பிடித்தது குரல்கூட இல்லை, அந்த நிதானம். உச்சஸ்தாயி வருகிறது என்று முன்கூட்டியே பயப்படவும் மாட்டார், ஆர்ப்பாட்டம் செய்யவும் மாட்டார். ஏறுகிற இடம் வந்தால் ஏறுவார், அவ்வளவுதான். பூஜாவின் கதை வேறு. கர்நாடக சங்கீதப் பயிற்சி குரலின் ஒவ்வொரு வளைவிலும் தெரியும். சில குத்துப் பாட்டுகளில் அதுவே அவரைக் கட்டிப்போட்டது. எவ்வளவு ஆடிப் பாடினாலும் ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் வந்து எட்டிப் பார்த்துவிடும். இதை அந்தக் காலத்து நடுவர்கள் எடுத்துச் சொன்னதால்தான் நானும் கவனித்தேன். பட்டம் கிடைக்காத இவர்கள் இரண்டு பேரும் 2017இல் ‘மெர்சல்’ படத்தின் ‘ஆளப்போறான் தமிழன்’ பாட்டில் கைலாஷ் கேர், தீபக் ஆகியோருடன் பாடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாண மண்டபம் இருக்கிறதா? பட்டம் வாங்கியது யார் என்று இப்போது பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது, அந்தப் பாட்டு வரும்.

நான்காவது சீசனில் திவாகர். முறையாகச் சங்கீதம் படிக்காதவர். முதல் சில வாரங்களில் எனக்கு அவர் மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. சக போட்டியாளர் சரத் சந்தோஷ் அருகில் நின்று பாடும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சரத்தின் குரலில் ஒரு மெருகு இருந்தது. ஆனால் திவாகர் வாரத்துக்கு வாரம் ஏறினார். ஒரு வாரம் சொன்ன தவறு அடுத்த வாரம் இருக்காது. ஒருவர் வளர்வதை இத்தனை மாதம் உட்கார்ந்து பார்த்த திருப்தி அந்த சீசனில்தான் கிடைத்தது. அது எப்படி எங்களுக்குத் தெரிந்தது? தவறு இன்னது என்று மேடையில் வைத்துச் சொன்னார்கள், அதனால்தான். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் திருத்திக்கொண்டதும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. ‘எளிய மனிதர் ஜெயித்துவிட்டார்’ என்ற ஒரு வரியோடு போயிருக்கும். இன்றைக்கும் பலர் அந்த ஒரு வரியைத்தான் சொல்கிறார்கள், அவர் உழைப்புக்கு அது நியாயமில்லை.

இப்போது 2018க்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இன்றுவரை முடியாத வழக்கு அது. மாமியார் செந்தில் கணேஷ் கட்சி, நான் ரக்‌ஷிதா கட்சி.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் வந்து நின்றபோது மேடைக்கே வேறு ஒரு களை வந்தது. மைக் தேவையில்லாத குரல். திறந்தவெளியில், எதிரே ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருக்கும்போது பாடிப் பழகிய குரல் எப்படி இருக்குமோ அப்படி. செந்தில் தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார், ஒரு சொல்லைக்கூட விழுங்க மாட்டார். ராஜலட்சுமியிடம் இன்னும் ஒன்று கூடுதலாக இருந்தது: கிண்டல். ஒரு வரியை எப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால் அந்த வீட்டில் பெரிய பாடகர் அவர்தான், ஆனால் இதைச் சொன்னால் மாமியார் மூன்று நாள் பேச மாட்டார். ஏற்கெனவே கிராமத்து மேடைகளில் இவர்கள் பாடிக்கொண்டிருந்த ‘சின்ன மச்சான்’ பின்னால் ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் இடம்பெற்று எங்கெல்லாம் போனது என்று உங்களுக்கே தெரியும்.

மைசூரிலிருந்து வந்த ரக்‌ஷிதா இதற்கு நேர் எதிர்த் துருவம். மெல்லப் பாடுகிற இடத்திலும் ஒரு ஸ்வரம் ஆடாது. மூச்சு எங்கே எடுத்தார் என்று தேடினாலும் அகப்படாது. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதற்கு ஏற்ற குரலை எடுத்துக்கொண்டு வருவார். 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தில் ரகுமான் இசையில் ‘சொல்’ பாட்டை அவர் பாடியதைக் கேட்டபோது "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று மாமியாரிடம் ஒரு பார்வை பார்த்தேன். அவர் கவனிக்காத மாதிரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

செந்தில் ஜெயித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்த சீசன் முழுக்க அவருக்கு ஓர் அளவுகோல், மற்றவர்களுக்கு வேறு ஓர் அளவுகோல். மற்றவர்களிடம் ஸ்ருதி, உணர்ச்சி, வகைவகையான பாட்டு என்று கேட்டார்கள். அவரிடம் ‘மண்ணின் கலை’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். கேட்க மரியாதை மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், இவரைப் பாடகராக வைத்து எடைபோட வேண்டாம் என்று ஒதுக்கிவைப்பதும் அதுதானே? நாட்டுப்புறப் பாட்டிலும் ஸ்ருதி உண்டு, தாளக் கணக்கு உண்டு, ஒரு தெம்மாங்கை இழுக்கிறதிலேயே ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. அதில் அவர் எங்கே கெட்டிக்காரர், எங்கே பழகிய தடத்திலேயே போகிறார் என்று விவரமாகப் பேச ஒருவரும் இல்லை. அப்படிப் பேசத் தெரிந்த நாட்டுப்புறக் கலைஞர் ஒருவரை அந்த சீசன் முழுக்க நடுவர் வரிசையில் உட்காரவைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ‘அனுதாப ஓட்டில் வந்தவர்’ என்ற பேச்சுக்கு வழியே இருந்திருக்காது. அவரை அந்தப் பேச்சிலிருந்து காப்பாற்றியிருக்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

அதற்கடுத்த ஆண்டு மூக்குத்தி முருகனுக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. பழைய பாட்டு என்றால் முருகன், முருகன் என்றால் பழைய பாட்டு. மாமியாருக்குக் கொண்டாட்டம். எனக்கும் அந்தக் கணீர்க் குரல் பிடிக்கும். ஆனால் ஒருவருக்கு இது நன்றாக வருகிறது என்று தெரிந்த அடுத்த வாரமே அவரைச் சுற்றிக் கோடு போட்டுவிடுகிறார்கள். கானா பாடுகிற பையனுக்கு வாராவாரம் கானா, சாஸ்திரிய சங்கீதம் தெரிந்த பெண்ணுக்கு வாராவாரம் ராகம் பிழிகிற பாட்டு. பாட்டைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் இல்லை என்பது தெரியும். "அடுத்த வாரம் இதை விட்டுவிட்டு வேறு ஒன்று பாடிக் காட்டு" என்று உங்கள் இருக்கையிலிருந்து சொன்னால் மறுக்கப்போகிறவர் யார்?

பெண்கள் விஷயத்தைச் சொல்லாமல் முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. நிகில் மேத்யூ, அஜீஷ், சாய்சரண், திவாகர், ஆனந்த் அரவிந்தாக்‌ஷன், செந்தில் கணேஷ், மூக்குத்தி முருகன், ஸ்ரீதர் சேனா. பெரியவர்களுக்கான போட்டியில் வரிசையாக எட்டு சீசன், எட்டு ஆண்கள். 2023இல் ஒன்பதாவது சீசனில் அருணா வந்துதான் அந்த வரிசை உடைந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் மாமியாரும் நானும் முதல்முறையாக ஒரே கட்சி. இத்தனைக்கும் சிறுவர்களுக்கான போட்டியில் அல்கா, ஸ்பூர்த்தி, பிரித்திகா என்று பெண் குழந்தைகள் எப்போதோ ஜெயித்துவிட்டார்கள்.

மக்கள்தானே ஓட்டுப் போடுகிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஓட்டுக்கு முன்னால் இத்தனை மாதம் எங்கள் காதில் விழுகிறது உங்கள் வார்த்தை. பெண்கள் பாடினால் ‘தேன் மாதிரி இருக்கு’, ‘குயில் மாதிரி இருக்கு’, ‘இந்தப் புடவையில மகாலட்சுமி மாதிரி இருக்கே’. ஆண்கள் பாடினால் ‘என்ன ஒரு கன்ட்ரோல்’, ‘ரிஸ்க் எடுத்திருக்கே’, ‘இந்தப் பாட்டை எடுக்கவே தைரியம் வேணும்’. கேட்டுக்கொண்டே இருந்தால், இவள் இனிமையாகப் பாடுகிறவள், அவன் கஷ்டமானதைச் சாதித்தவன் என்று மனதில் பதிந்துவிடாதா? எட்டுத் தோல்விக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்று எனக்குச் சந்தேகம், அவ்வளவுதான். ரக்‌ஷிதா எடுத்த ரிஸ்க்கை யாரும் ரிஸ்க் என்று சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை. அவர் சிரமம் தெரியாமல் பாடியதே அவருக்குப் பாதகமாகிவிட்டது போல.

சிறுவர்கள் போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அங்கே நான் கேட்பது வேறு. சித்ரா, மனோ, மால்குடி சுபா மூவரும் இருந்தபோது பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்தே திருத்தினார்கள். சித்ரா அம்மா தவறைச் சொன்னால்கூடக் குழந்தை சிரித்துக்கொண்டே கேட்கும். அந்த மேடையிலிருந்து வந்த பிரகதி ‘பரதேசி’யில் பாடியதைக் கேட்டபோது நம் வீட்டுப் பிள்ளை பாடிய மாதிரிதான் இருந்தது. 2015 இறுதிச் சுற்றில் கனடாவிலிருந்து வந்த ஜெசிகா ஈழத்தை நினைத்துப் பாடியதையும், பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்கென்று கொடுத்ததையும் மறக்கவே முடியாது. ஆனாலும் அன்று பட்டம் ஸ்பூர்த்திக்குப் போனது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அந்த வயதில் அப்படி ஒரு சுத்தமான ஸ்ருதி. அன்று இரவு இதைச் சொன்னதற்கு எங்கள் உறவுக்குள்ளேயே எனக்குக் கிடைத்த திட்டு கொஞ்சமல்ல. திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து 2017இல் ஜெயித்த பிரித்திகாவின் குரலில் பயிற்சியைவிடத் துணிச்சல்தான் முதலில் தெரியும். நல்லது. இப்படிப்பட்ட பிள்ளைகளை வெளியேற்றும் நாளில் மட்டும் அந்த நீண்ட மௌனமும், இதயத்துடிப்பு மாதிரியான இசையும், அழுகிற முகத்தை நெருங்கிக் காட்டுவதும் வேண்டாம். ‘போதும், காட்டாதீர்கள்’ என்று நீங்கள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எட்டு வயதுக் குழந்தை விரக தாபப் பாட்டைப் பாடி முடித்ததும் ‘என்ன எக்ஸ்பிரஷன்!’ என்று பாராட்டுவதையும் அதோடு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் தமிழ். வேறு மாநிலத்திலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டு பாடுகிறவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு. அவர்கள் ‘ழ’கரத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை ‘வாழ்க்கை’யை ‘வால்க்கை’ ஆக்கும்போது நீங்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதுதான் பொறுக்கவில்லை. ஒரு பாட்டில் பாதி அதன் வரிகள்தானே?

கடுமையாகப் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை. மேடையில் நிற்கிற பிள்ளையைக் கேலி செய்து பார்வையாளரைச் சிரிக்கவைக்கிற நடுவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள், அது நமக்கு வேண்டவே வேண்டாம். இப்போது சமூக ஊடகத்தில் ஒரு வார்த்தை தப்பிப் போனாலும் ரசிகர் பட்டாளம் உங்கள் குடும்பத்தையே இழுத்து வைத்துத் திட்டுகிறது என்பதும் தெரியாமல் இல்லை. யாருக்கு அந்த வம்பு என்று நீங்கள் ஒதுங்குவது புரிகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பாராட்டு என்றானபின் ஓட்டுப் போட எங்களுக்கு மிஞ்சுவது ஊர், சாதி, மொழி, வீட்டுக் கஷ்டம் இவைதான். அதை வைத்துத்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அடித்துக்கொள்கிறார்கள். பாட்டை வைத்து அடித்துக்கொண்டாலாவது ஏதாவது கற்றுக்கொள்ளலாம்.

வெளியேற்றுகிற நாளிலும், வைல்டு கார்டில் திரும்ப அழைக்கிற நாளிலும் காரணம் சொல்லுங்கள். ‘இன்னைக்கு உங்க நாள் இல்ல’ என்பது காரணம் இல்லை. ‘தாளத்துக்கு முன்னால் ஓடினாய், கீழ்ஸ்தாயியில் குரல் காற்றாகிப் போனது’ என்றால் அது காரணம். அந்தப் பிள்ளை ஊருக்குப் போய்ச் சாதகம் செய்ய ஏதாவது கையில் இருக்கும். வைல்டு கார்டில் வந்து நின்றால் அது சரியாகிவிட்டதா என்று நாங்களும் காது கொடுத்துக் கேட்போம்.

வரப்போகிற வாரத்திலேயே தொடங்கலாம். ஒருவரிடமாவது, சரணத்தின் மூன்றாவது வரியை மட்டும் மறுபடி பாடச் சொல்லுங்கள். வாத்தியக் குழு இல்லாமல், வெறும் ஸ்ருதியோடு. எங்கே தவறியது என்று உங்களில் ஒருவர் பாடிக்காட்டட்டும், அவர் திருப்பிப் பாடட்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அம்மா கண் துடைப்பதை இரண்டாவது முறை காட்டாமல் விட்டால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ரக்‌ஷிதா கட்சியைச் சேர்ந்த ஒரு ரசிகை

பி.கு.: மாமியார் இதைப் படித்துவிட்டு, செந்திலைப் பற்றி இன்னும் நாலு வரி நன்றாக எழுதியிருக்கலாம் என்கிறார். அவர் தனியாக எழுதுவார்.